மாசாணியம்மாளின் தேக்கு

பொள்ளாச்சியில் சந்தை நாளன்று பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதனால்தான் சார், முதலீட்டாளர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவர என் கம்பெனி செலவில் வேன் வைத்தேன். பணம் போட்டவர்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்பது என் கொள்கை.

ஆளுக்கொரு தேக்கு, வளர்ந்ததும் விற்றுப் பணம் தருவோம். அதுதான் திட்டம். வாசலை ஒட்டி ஒரே ஒரு வரிசைதான் நட்டிருந்தோம். வேன் கிளம்பியதும் காவலாளி ஐயாசாமிக்குப் போன் அடிப்பேன். அன்றைக்கு வருகிறவர்களின் பெயர்ப்பலகைகளை அவர் மரங்களில் மாட்டி வைப்பார். தன் பெயரைப் பார்த்துவிட்டால் யாரும் வேறு கேள்வி கேட்பதில்லை.

நெகமத்து மாசாணியம்மாள் எருமைகளை விற்றுப் பணம் போட்டவர். வரும்போதெல்லாம் மரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார். அடுத்த வேன் வருவதற்குள் அதைக் கழுவ ஐயாசாமி படாத பாடு படுவார்.

தொண்ணூற்றொன்பது கடைசியில், முதலீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற செபி புது விதி கொண்டுவந்தது. பதிவு செய்யாத கம்பெனி திட்டத்தை மூடிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நல்ல விதிதான். நான் மறைக்கவில்லை. பணம் வேண்டுமென்றால் உங்கள் மரத்தை இப்போதே வெட்டியாக வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

மாசாணியம்மாள் பணத்தைக் கேட்டு வந்தார். கணவர் குமாரசாமிக்கு இதய ஆபரேஷன், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உடனே பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள். ஐயாசாமியைக் கோடாலியோடு மரத்தடிக்கு வரச் சொன்னேன்.

"ஏனுங்கம்மா, வெட்டிப்போடலாமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் மரத்தைக் கட்டிக்கொண்டார். "வேண்டாமுங்க தம்பி. பச்சை மரமுங்க, பாவமுங்க. அவரு இன்னுங் கொஞ்ச நாளு தாங்கிக்குவாருங்க."

எனக்கே கண் கலங்கிவிட்டது. நான் வற்புறுத்தவில்லை. முடிவு அவருடையது.

குமாரசாமி தை பிறப்பதற்குள் இறந்துபோனார். சாவுக்கு மாலையோடு போனேன். கம்பெனிக்காரர்களில் வேறு யார் போவார்கள்?

கருமாதி முடிந்த வாரமே அந்தம்மா வந்தார். தோட்டைக் கழற்றி விற்றிருந்தார். ரூபாய் நோட்டுகளை என் மேஜை மேல் வைத்து, "அவரு பேர்ல ஒரு கன்னு நட்டுப்போடுங்க தம்பி. வளந்தா அவரே நிக்கற மாதிரி இருக்குமுங்க," என்றார்.

புதிதாகப் பணம் வாங்கக் கூடாது என்று அப்போது எங்களுக்குத் தடை இருந்தது. எனக்கும் தெரியும். ஆனால் தாலியறுத்து வந்து நிற்கிற ஒருவரிடம் சட்டம் பேச எனக்கு மனம் வரவில்லை, சார். வாங்கிக்கொண்டேன்.