மேல்தாளில் நாலு ஓட்டை

உறையவைத்த டயட் சாப்பாட்டை எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு அதன்மேல் ஒரு மனத்தாங்கலும் கிடையாது, ஐயா. பெட்டியின் மேல் ஒல்லியான ஒரு பெண் தட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள். உள்ளே நாலு கோழித் துண்டு, கொஞ்சம் பட்டாணி, சீக்காளி மாதிரி வெளுத்த கேரட், எல்லாவற்றையும் மூடி ஒரு வெள்ளைக் குழம்பு. அவள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது கம்பெனிக்கே வெளிச்சம். ஆனால் பெட்டியின் பின்பக்கத்தை நான் மனதாரப் பாராட்டுவேன். கொழுப்பு இவ்வளவு, மாவுச்சத்து இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று சுத்தமாக அச்சடித்திருப்பார்கள். அச்சில் வந்துவிட்டால் போதும், டாக்டர்கூட உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

நான் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவன். என் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஒரு தளம் முழுவதற்கும் மேற்பார்வையாளர். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் போனில் அங்குள்ளவர்களுக்கே செலவாகும். எனக்கு மேஜைமேல் மூடிவைத்த தட்டு இருக்கும். "சாப்ட்டீங்களா?" என்பாள். பதில் வருவதற்குள் அடுத்த போன் வந்துவிடும். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

பிறகு அவளுடைய இதய வால்வு ஒன்று சரியாக மூடாமல் போனது. நாலு படி ஏறினாலே மேல்மூச்சு வாங்கியது. நீண்ட விடுப்பில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

டாக்டர் நல்ல மனிதர். "எடையக் குறைச்சிட்டு வாங்கம்மா. இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்க எனக்கே பயமா இருக்கு. கொறஞ்சதும் ஆபரேஷன். அப்புறம் நீங்க பழையபடி வேலைக்கே போகலாம்," என்றார். உப்பையும் குறைக்கச் சொன்னார். அப்படித்தான் எங்கள் ஃப்ரீசரில் அந்த ஒல்லிப் பெண் அடுக்கடுக்காகக் குடியேறினாள். பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தது நான்.

உண்மையைச் சொன்னால், எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவை நல்ல நாட்கள். குளியலறைக்குப் போகக்கூட என் தோளைப் பிடித்துக்கொள்வாள். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆவேன்னே தெரியலங்க," என்று ஒருநாள் சொன்னாள். என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொழிற்சாலையிலோ அவள் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருந்தார்கள், பாவிகள்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குறிப்பு இருக்கும்: சூடாக்கும் முன் மேல்தாளில் நாலு இடத்தில் குத்தவும். கம்பெனியே இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது குத்தாமல் விடலாமா? என்னிடம் மருந்து ஏற்றும் தடித்த ஊசி இருந்தது. உருக்கிய வெண்ணெய் அதில் தாராளமாக ஏறும். சூடாக்கும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் என்பதால், அவள் குளிக்கப் போகும் நேரத்தில் பல பெட்டிகளை ஒன்றாக முடித்து ஃப்ரீசரில் திருப்பி வைத்துவிடுவேன். "இந்தத் தடவ ருசியா பண்ணிருக்காங்க," என்று கம்பெனியைப் பாராட்டினாள். எனக்குச் சேர வேண்டிய பாராட்டு.

எடை இறங்கவில்லை, ஏறியது. "ஒளிச்சு வச்சு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "சத்தியமா இல்ல டாக்டர். வேணும்னா இவரையே கேளுங்க," என்றாள். நான் தரையைப் பார்த்தேன். தரையைப் பார்ப்பது பொய்யாகாது.

அவள் தங்கை வந்து, "பிஸ்கட் டப்பாவ எங்கக்கா பதுக்கி வச்சிருக்க?" என்று கிண்டலடித்தாள். எல்லோரும் சிரித்தோம். அன்று சாயங்காலம் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தூக்கத்துல எழுந்து போய் நானே எதையாவது தின்னுறேனோங்க? எனக்கே என்மேல சந்தேகமா இருக்கு. சமையலறையப் பூட்டி சாவிய நீங்க வச்சுக்குங்க." வாய்விட்டு அழுதாள். அழுகிற மனைவி கேட்டு எந்தப் புருஷன் மறுப்பான்? பூட்டினேன். அதற்குப் பிறகு வேலை எனக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. டாக்டர்தான் அவசரப்பட்டார். "இனிமே காத்திருக்க முடியாது. எடை இருந்தா இருக்கட்டும், நாள் குறிச்சிடலாம்," என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். "வந்துடுவேன்டி. என் மெஷின் எல்லாத்தையும் தொடச்சு வைங்க." அந்தப் பழைய குரல். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெண்ணெய் நிதானமான சாமான். அதை நம்பி இனிப் பயனில்லை. உப்பு அப்படியில்லை. உடம்பில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும், நோயுற்ற இதயம் அதை இறைக்க முடியாமல் நுரையீரலில் தேங்கவிடும். கம்பெனிக்காரர்கள் கொழுப்பை எடுத்த பாவத்துக்குப் பரிகாரமாக உப்பை ஏற்கெனவே அள்ளிக் கொட்டியிருந்தார்கள். மீதியை நான் கரைத்து ஏற்றினேன்.

"ரொம்பக் கரிக்குதுங்க," என்றாள்.

"டயட் சாப்பாடு அப்படித்தாம்மா இருக்கும். ஆபரேஷன் வரைக்கும் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே அன்றைய பெட்டியையும் சாப்பிட்டு முடித்தாள். "நீங்க பாத்துப் பாத்து சூடு பண்ணிக் குடுத்தத மிச்சம் வைக்க மனசு வரல," என்றாள். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதற்கு முன்னால் தட்டைக் கழுவி வைத்தேன்.

காரியம் எல்லாம் முடிந்து அவள் தங்கை ஃப்ரீசரைக் காலி செய்தபோது அடியில் கிடந்த ஒரு பழைய பெட்டி கை தவறி விழுந்து மேல்தாள் கிழிந்தது. ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் மஞ்சளாக ஒரு வெண்ணெய்க் கட்டி உறைந்து நின்றது. "என்ன அத்தான் இது?" என்று கேட்டாள். நான் மறுபடியும் தரையைப் பார்த்தேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரும் அவள் தங்கையும் என் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்கிறார்கள், எனக்காக ஒரு வார்த்தை பேச ஆளில்லை. அவள் மட்டும் இப்போது இருந்திருந்தால் உங்களிடம் வந்து எனக்காகப் பேசியிருப்பாள், ஐயா.