வரிசைக்கு வராதவர்களின் மருத்துவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, சுகாதாரத் துறை அதிகாரிகளே, மருத்துவர்களே, செவிலியர்களே, டாக்டரம்மாவின் கைகளால் பார்வை பெற்று இன்று நேரில் வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் வேன் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் இங்கே தலைமைச் செவிலியர். போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போன கண் டாக்டரம்மாவோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். நீட்டி முழக்கினால் அவருக்குப் பிடிக்காது. "சிஸ்டர், விஷயத்துக்கு வாங்க" என்பார். வருகிறேன்.

டாக்டரம்மா நடத்திய முகாம்களை நீங்கள் அறிவீர்கள். பள்ளிக்கூட வகுப்பறை கிடைத்தால் வகுப்பறை, இல்லையென்றால் நெல் மூட்டை அடுக்கிய கிடங்கு. எத்தனை பேரின் கண்புரையை எடுத்தார்! எல்லா முகாமுக்கும் வேன் ஓட்டியவர் அவருடைய கணவர். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் வேன் அண்ணன்.

அண்ணன் வேனின் இடது பக்கத்தைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. அத்தனை கீறல். வாசல் கேட் தூணில் உரசுவார், நிற்கிற சைக்கிளைச் சாய்ப்பார். "அண்ணே, இடது பக்கம்னு ஒண்ணு இருக்குண்ணே" என்று நாங்கள் கேலி செய்வோம். "தூணுதாம்மா வந்து இடிக்குது" என்பார். டாக்டரம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு முகாமில் புதிதாகச் சேர்ந்த செவிலியருக்குக் கண் அழுத்தம் அளக்கும் கருவியைச் சொல்லிக்கொடுக்க, அளந்து காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. வேனில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணனை அம்மா கூப்பிட்டார். "சும்மாதானே இருக்கீங்க, வந்து உக்காருங்க."

அம்மா அளந்தார். நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், மெஷின் ரிப்பேர். வேற எடுங்க."

வேறு கருவி கொடுத்தேன். அதிலும் அதே உயர்ந்த அளவுதான் வந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய். வலிக்காது, உறுத்தாது, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும். போனது திரும்பாது, இருப்பதை மருந்தால் காக்கலாம். அண்ணனுக்கு இடது கண்ணில் ஏறக்குறைய எல்லாம் போயிருந்தது. வலது கண்ணில் பாதி மிஞ்சியிருந்தது. ஊர் ஊராகக் கண் பார்த்த டாக்டர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த கண்ணைப் பார்க்கவில்லை. விளக்கடியில் இருட்டு என்பது இதுதானே?

வேறொருவராக இருந்தால் மூடி மறைத்திருப்பார். அம்மா என்ன செய்தார்? நேராக சுகாதாரத் துறைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அங்கே ஒரு அதிகாரி, "கண்ணுல குறை இருந்தா ஜனங்களே வருவாங்களே டாக்டர், அதுக்கு எதுக்கு தனியா திட்டம்?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர் எல்லா முகாமுக்கும் வந்தார் சார். ஒரு நாளும் வரிசைக்கு வரலை. குறை இருக்குன்னு அவருக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. நம்ம திட்டமே அப்படித்தான் இருக்கு."

அந்த அதிகாரி மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் கோப்பு நகரவில்லை. அதிகாரிகள் மாறினார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து, தன் வீட்டுத் தவறிலிருந்தே ஆரம்பித்தார். எனக்குக் கூச்சமாக இருக்கும். அவருக்கு இல்லை. நாற்பது கடந்த எல்லோருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண் பரிசோதனை என்ற உத்தரவு இந்த ஆண்டுதான் வந்தது. கருவிகளும் வந்துவிட்டன. பாதி இடங்களில் அவை இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் கை நடுக்கம் உண்டு. காலையும் மாலையும் அம்மாதான் சொட்டு மருந்து போடுவார். அம்மாவின் உடலை எடுத்துப் போன அன்று வீடு நிறைய உறவினர்கள். மாலையில் அண்ணன் கூட்டத்துக்குள் என்னைத் தேடி வந்தார். "சிஸ்டர், மருந்து நேரம். போட்டு விடுறீங்களா?"

உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். நான் பாட்டிலை எடுத்தேன். ஆனால் அண்ணனின் கண்களிலிருந்து தண்ணீர் நிற்கவே இல்லை. எப்படிப் போடுவது? "அண்ணே, அழுதா மருந்து வழிஞ்சிடும். கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க" என்றேன்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தினார். முகத்தை நிமிர்த்தினார். போட்டேன். மருந்து உள்ளே இறங்கும்வரை கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அழுதார்.

அண்ணே, உங்கள் மருந்து இனி எங்கள் பொறுப்பு. முறை போட்டுக்கொண்டு வருவோம், ஒரு வேளையும் தவறாது. பெட்டிக்குள் இருக்கும் கருவிகளும் எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு நிலையமாகப் போய்ப் பிரிப்போம், அங்கே இருப்பவர்களுக்கு அளக்கச் சொல்லிக்கொடுப்போம். கதவடைத்தால் மறுநாளும் போவோம். அம்மாவிடம் படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியாதா?

கூட்டம் முடிந்ததும் யாரும் கலைய வேண்டாம். பக்கத்து அறையில் கருவியைத் தயாராக வைத்திருக்கிறோம். குறை இருக்கிறது என்பவர்கள் மட்டுமல்ல, எனக்கு ஒன்றும் இல்லை என்பவர்களும் வர வேண்டும். அவர்களுக்காகத்தான் அம்மா அலைந்தார். மேடையில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள். இயக்குநர் ஐயா, உங்கள் நாற்காலியைப் போட்டாகிவிட்டது.