கஞ்சியில் கலந்தது

— அது ஹார்ட் இல்லப்பா. நான் பண்ணினதுதான்.

— என்ன மஹதி உளர்ற? மெல்லப் பேசு, அம்மா இப்பதான் கண் அசந்திருக்கா.

— ஆத்துலேர்ந்து ஆட்டோல வரச்சே அம்மாக்கு வேர்த்துக் கொட்டி, கையெல்லாம் நடுங்கித்தே. அதுக்கு டாக்டர் என்ன சொன்னார்?

— கட்டிக்கு ஏத்தற அந்த செவப்பு மருந்து ஹார்ட்டைப் படுத்தறதுன்னார். காலம்பற எக்கோ எடுத்துப் பாத்துட்டு, மருந்தை நிறுத்தும்படியா இருக்கும்னார்.

— நிறுத்தினா கட்டி திரும்ப வளருமா?

— அதெல்லாம் உனக்கெதுக்கு இப்ப.

— வளரும். எனக்குத் தெரியும். அப்பா, உன்னோட சுகர் மாத்திரைய பொடி பண்ணி அம்மா கஞ்சில கலந்துண்டு வரேன். தெனம் ஒண்ணு.

— கடவுளே. எதுக்குடி?

— பக்கத்து பெட் கைசர் ஜஹான் ஆன்ட்டிக்கும் அதே செவப்பு மருந்துதான். ஆறு தடவை ஏத்தியாச்சு, எக்கோ அப்படியே இருக்கு. எதிர் பெட் மாமி நாலாவதுலயே மூச்சு முட்டி போயிட்டா. ஆன்ட்டி மட்டும் சுகர் மாத்திரை சாப்பிடறா. வேற வித்தியாசமே இல்லப்பா, அதான் ஹார்ட்டைக் காப்பாத்தறது.

— டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

— கேட்டேன். பயாலஜில எவ்ளோ மார்க்குன்னு கேட்டுச் சிரிச்சார்.

— எத்தனை நாளா இது?

— தீபாவளி மறுநாள்லேர்ந்து. ஒண்ணாம் தேதி ஸ்ட்ரிப்பெல்லாம் பிரிச்சு சின்ன பாட்டில்ல கொட்டி வெப்பியே, அதுலேர்ந்துதான். அம்மாக்கு சுகரே கெடையாதோல்லியோ, மாத்திரையால ரத்தத்துல சுகர் ரொம்ப எறங்கியிருக்கும். அதான் நடுக்கம். யாரும் டெஸ்ட் பண்ணிக்கூட பாக்கலை. வா, டூட்டி டாக்டர்ட்ட போய் சொல்லிடலாம். ஹார்ட் நன்னாருக்குன்னு தெரிஞ்சா மருந்தை நிறுத்த மாட்டா. என்னை எவ்ளோ வேணா திட்டட்டும்.

— உக்காரு.

— அப்பா, நேரமாறது.

— உக்காருடி. மாத்திரை கொறையறத நான் ரெண்டாவது வாரமே பாத்துட்டேன்.

— பாத்துட்டு ஏன் கேக்கலை?

— நீன்னு தோணவே இல்லை. வலி பொறுக்காம உங்கம்மாதான் உயிரை விட்டுடலாம்னு எடுத்து முழுங்கறாளோன்னு பயந்துட்டேன். அவகிட்ட அத எப்படிக் கேக்கறது?

— அப்புறம் என்ன பண்ணினே?

— என்னோடத ஆபீஸ் டிராயர்ல வெச்சுண்டேன். மூணு வாரமா அந்த பாட்டில்ல இருக்கறது வெறும் கால்சியம் மாத்திரை, மஹதி.