நெற்றிப்பொட்டான் பிழைத்த கிணறு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அன்புமொழி அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, கல்லூரியில் மீன்பாடம் நடத்தும் ஷர்லி டீச்சர் அவர்களே, என் கிணற்றை இறைக்க இன்ஜின் கொண்டுவந்த வீரய்யா மாமா அவர்களே! சிரிக்காதீர்கள், அவருக்கும் இன்றைக்கு மரியாதை உண்டு. எல்லோருக்கும் இந்தக் கண்ணாத்தாளின் வணக்கம்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். தப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தமாகப் பேசினால் மைக்கைக் குறையுங்கள்.

நம் நெற்றிப்பொட்டான் எவ்வளவு பெரிய மீன்? என் சுண்டுவிரலில் பாதி! நெற்றியில் ஒரு வெள்ளிப் பொட்டு. நம் செம்புறைக் கண்மாயையும் அதைச் சுற்றிய குட்டைகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது இல்லை என்கிறார் டீச்சர். காவிரியில் உண்டா? இல்லை! வைகையில் உண்டா? இல்லை! மணமேல்குடிக் கடலில் உண்டா? "கடல்ல எப்புடிக்கா இருக்கும்?" என்கிறார் அங்கே ஒரு தம்பி. இருக்காது தம்பி, அதைத்தான் நானும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மலையாண்டி, கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று ஒரு செம்பில் அதைப் பிடித்துவந்து எங்கள் வயல்கிணற்றில் விட்டார்.

"கொழம்புக்கு ஆகாத மீனுக்கு இம்புட்டுச் சீராட்டா?" என்றேன்.

"போடி, ஒனக்கு எதைப் பாத்தாலும் சட்டி ஞாபகந்தான்" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசியில், மோட்டாரைப் பழுது பார்க்க அதே கிணற்றில் இறங்கினார். மின்சாரம் தாக்கியது. கயிறு கட்டித்தான் மேலே எடுத்தார்கள். உயிர் இல்லை.

ஆள் இறந்த கிணற்றை வற்ற இறைப்பது ஊர் வழக்கம். காரியம் முடிந்த மறுநாளே என் நாத்தனார் சொர்ணவல்லி, வீரய்யா மாமாவின் இன்ஜினோடு வந்து நின்றாள்.

"எங்கண்ணன் உசுரு போன தண்ணி, மதினி. ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

"அதுல உங்கண்ணன் விட்ட மீன் கெடக்கு, சொர்ணம்."

"எங்கண்ணனே போயிருச்சு. மீனைப் புடிச்சுத் தொங்குறீங்களா?"

வீரய்யா மாமா நடுவில் வந்தார். "மீனை அள்ளி வச்சுக்க ஆத்தா, பெறகு எறைப்போம்."

கூடையை இறக்க இறக்க, மீன்கள் கல்லிடுக்கில் ஒளிந்துகொண்டன. நான் இன்ஜின் குழாயின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் நெற்றிப்பொட்டை அழித்தார்கள், தலைகுனிந்து கொடுத்தேன். அவர் விட்டுப்போன நெற்றிப்பொட்டானை அழிக்க விடுவேனா? விடவில்லை! ஊரே பைத்தியம் என்றது. எழுந்தேனா? எழவில்லை! பொழுது சாய, இன்ஜின் திரும்பிப் போனது. சொர்ணம் என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

அறிவோடு செய்தேன் என்று யாரும் பாராட்ட வேண்டாம். அவர் கைபட்டதில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான்.

அடுத்த சித்திரையில் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்த வெளியூர்க்காரர், வளர்ப்பு மீன் விடுவதற்காக, மீனுக்கு விஷமான இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார். தானாய் வளரும் மீனைக் கொன்றுவிட்டுத்தான் விற்கிற மீனை விடுவார்களாம். அப்படிக் கொல்கிற மீனுக்குக் 'களைமீன்' என்று பெயராம். களையா? தலைமுறை தலைமுறையாய் இந்தத் தண்ணீரில் பிறந்தது களை, லாரியில் வந்து இறங்கியது பயிரா? கேளுங்கள் தாய்மார்களே, கேளுங்கள்! கரையெல்லாம் வெள்ளி வெள்ளியாய்ச் செத்து ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தீர்களே! குட்டைகளும் அந்தக் கோடையில் காய்ந்தன.

டீச்சர் மூன்று மாதம் வலைபோட்டுத் தேடினார். ஒன்றுகூட இல்லை. கடைசியில் என் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, இங்க இருக்குக்கா!" என்று அழுதார். அவர் ஏன் அழுகிறார் என்று தெரியாமலே நானும் அழுதேன்.

டீச்சர் எடுத்துவிட்ட அந்த மீன் சிமெண்டுத் தொட்டியில் குஞ்சு பொரித்தது. தொட்டி நிறைந்தது, பத்து வீட்டுக் கிணறு நிறைந்தது! குத்தகை முடிந்தது, வளர்ப்பு மீனையும் பிடித்தாயிற்று. இனி இந்தக் கண்மாயில் புண்ணாக்குக் கலக்கக் கூடாது என்று கிராமசபையில் கைதூக்கினோம், தீர்மானம் ஆனது! தோற்றதா நம் மீன்? தோற்கவில்லை! துவண்டதா நம் ஊர்? துவளவில்லை!

போன வாரம் சொர்ணம் என் வாசலில் வந்து நின்றாள். "மதினி, எங்கண்ணன் விட்ட மீனை ஒருதடவை பாக்கணும்" என்றாள். கிணற்றடியில் இரண்டு பேரும் வெகுநேரம் நின்றோம். இன்றைக்கு நம் மீனைத் திரும்பவும் கண்மாயில் விட, முதல் குடத்தைக் கவிழ்க்கப்போகிறவள் அவள்தான். அதோ, குடத்தை அணைத்துக்கொண்டு நிற்கிறாள்.

வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி, எல்லோருக்கும் வணக்கம். இப்போது கைதட்டாதீர்கள், மீன் மிரளும். கரைக்கு வாருங்கள். அது தண்ணீரில் இறங்கி நீந்தட்டும். அப்புறம் திருவரங்குளம் வரைக்கும் கேட்கிற மாதிரி குலவை போடுவோம்!