வெர்லினின் முட்டி

எங்கள் ஊர்க்காரர்களைக் கடையில் எளிதாக அடையாளம் காணலாம். காற்றை உறிஞ்சி அடைத்த காபிப்பொடிப் பொட்டலத்தை எடுத்ததும் கிள்ளிப் பார்ப்பார்கள். இந்தியானாவில் வேறெங்கும் இந்தப் பழக்கம் இல்லை. இங்கே பாதிப் பேர் செயற்கை முட்டி செய்கிறோம்; மீதிப் பேர் அதை மாட்டிக்கொண்டு நடக்கிறோம்.

அந்த முட்டியில் மேலே ஓர் உலோகம், கீழே ஓர் உலோகம், நடுவே வழுக்கிக்கொடுக்க ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வில்லை. வில்லையைக் காற்று உறிஞ்சிய பையில் அடைப்போம். கிள்ளினால் பை அதோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். விரலோடு வந்தால் காற்று புகுந்துவிட்டது. வில்லை வெளியே வெள்ளையாகச் சிரித்துக்கொண்டே உள்ளே உளுத்துப்போகும். மருத்துவமனை அலமாரிகளில் பல காலம் தூங்கிவிட்டுத் திரும்பி வரும் பெட்டிகளைத் திறந்து, பையைக் கிள்ளி, தளர்ந்திருந்தால் சிவப்புத் தொட்டியில் போடுவது என் வேலை. ஆர்டிஸின் விரல் தப்பாது என்று ஆலையில் எல்லாரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தப்பவில்லை.

என் கணவர் வெர்லின் முட்டிவலியோடு இருந்த காலம்தான் எங்கள் நல்ல காலம். சாய்வு நாற்காலியில் இருப்பார். இருவரும் படப்புதிர்த் துண்டுகளைச் சேர்த்து அடுக்குவோம். வானத்துத் துண்டுகளை எனக்கு விட்டுக்கொடுப்பார். அவருடைய வலியை விரும்பினேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்திருப்பதைத்தான் விரும்பினேன்.

அப்புறம் சர்ச் விருந்துக்கு லோர்னா வந்தாள். கணவனை இழந்தவள், இரண்டு முட்டியும் புதுசு, டென்னிஸ் மாதிரியான பிக்கிள்பால் ஆட்டத்துக்கு மட்டையும் கையுமாகத் திரிகிறவள்.

“என்ன வெர்லின், நாற்காலியிலயே வேர் விட்டுட்டியா?”

“முட்டி விடமாட்டேங்குதே.”

“முட்டியா, ஆர்டிஸா?”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லார் தட்டிலும் இருந்த உருளைக்கிழங்கு சாலட் நான் செய்து கொண்டுவந்தது. எழுந்து போக முடியாது.

“சட்டுனு மாத்திக்கிட்டு வா. பிக்கிள்பால் ஆட எனக்கு ஜோடி இல்ல.”

வீடு வரும்வரை வெர்லின் சீட்டியடித்தார். “முட்டி மட்டும் சரியாகட்டும் ஆர்டிஸ், அப்புறம் என்னைப் பிடிச்சுப் பாரு.”

பிடிப்பதைப் பற்றி அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

அறுவைக்கு நாள் குறித்த பிறகு, திரும்பி வந்த பெட்டி ஒன்றைத் திறந்தேன். அவருடைய அளவு. காலாவதித் தேதி இன்னும் வரவில்லை. கிள்ளினேன், பை விரலோடு வந்தது. சிவப்புத் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைப் புதுப் பெட்டியில் போட்டு, வெர்லினின் அறுவைக்காக மருத்துவமனைக்குப் போகிற சாமான்களோடு வைத்தேன். அறுவை அறையில் அளவையும் தேதியையும் உரக்கப் படிப்பார்கள். கிள்ளிப் பார்க்க மாட்டார்கள்.

நான் எதையும் உடைக்கவில்லை. எறிய வேண்டியதை எறியவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச காலம் ஆடி ஆசை தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டும் வைத்தேன். மட்டைகூட நான் வாங்கிக் கொடுத்ததுதான்.

சர்ச் கூடத்தில் பந்தை எட்டி அடிக்கும்போது வில்லை பிளந்தது. நான் நினைத்ததைவிட நன்றாக ஆடியிருக்கிறார். அதற்குள் உதிர்ந்த துகள்கள் எலும்பை அரித்துவிட்டன. மறுபடியும் மறுபடியும் திறந்து பார்த்தார்கள். கால் இப்போது மடங்குவதில்லை. அது கொஞ்சம் அதிகம்தான். நான் அவ்வளவு கேட்கவில்லை.

லோர்னா சூப் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு வரவில்லை. இப்போது பல் மருத்துவரோடு ஆடுகிறாளாம். அந்த நட்பின் ஆழம் அவ்வளவுதான் என்று வெர்லினும் புரிந்துகொண்டார். அதையும் என் கணக்கில் நல்லதாகவே எழுதுங்கள்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும், மஞ்சளாகிப்போன இந்தத் துண்டுகள் அந்த வில்லைதான். ஆலையைக் குறை சொல்லாதீர்கள். தெரிந்தே அனுப்பியது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சு மட்டும் வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுப்ப, கழிப்பறைக்கு நடத்த, காலுறை மாட்ட, என்னை விட்டால் அவருக்கு யாருமே இல்லை. அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.