மகன் ஏசிய நாள்

பொழியூரிலிருந்து பாறசாலைக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், இடையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த தன் அண்ணன் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்து எனக்க மகன் என்னை நல்லா ஏசினான் மைனி. இப்பத்தான் நிம்மதி."

"ஏசினதுக்கா நிம்மதி?"

"கடல்ல வள்ளம் மறிஞ்சு, பிழைச்சு வந்த பிறகு அவன் வாய் திறந்தானா? ஒரு மாசம் சுவரையே பார்த்துட்டு இருந்தான். ஃபாதர் வந்து ஜெபிச்சும் ஒரு வார்த்தை மிண்டல்ல. முன்னெல்லாம் சாப்பாட்டுல குத்தம் சொல்லாம எழும்ப மாட்டான். அதான், நாலு நாளா மீன்கறியில உப்பை வாரிப் போட்டேன்."

"மாதாவே!"

"முதல் மூணு நாளும் மிண்டாம தின்னான். நேத்து தட்டைத் தள்ளிட்டு, 'அம்மா, இதை மனுசன் திம்பானா?'ன்னு ஒரே சத்தம். நான் அடுக்களையில போய் இருந்து அழுதேன்."

மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு நாளும் நீ என்னத்த தின்ன?"

"அதே கறிதான். எனக்குத் தனியா வச்சா அவனுக்குத் தெரிஞ்சிருமே."

"உனக்குப் பிரஷர் உண்டுல்லா?"

"உண்டு. பின்ன, நான் இப்ப எங்க போறேன்னு நினைச்சிய? ஆஸ்பத்திரிக்காக்கும்."