அதற்குரிய கோப்பை

பீர் ஊற்றும் முன் கோப்பையைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும். துடைக்கக் கூடாது, ஈரத்தோடே ஊற்ற வேண்டும். இதைச் சொன்னால் ஏனோ ஆட்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். உங்கள் அப்பா ஆல்ஸ்ட் நகரில் பீர் கஃபே நடத்தியவர் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் என் மனசு லேசாகிவிட்டது. வாக்குமூலத்தை நானே என் கைப்பட எழுதித் தருகிறேன் என்று சொன்னது அதனால்தான். விஷயம் தெரிந்தவர் படிக்கப்போகிறார் என்றால் எழுதுகிறவனுக்கும் ஒரு உற்சாகம் வருகிறது.

என் பெயர் ஹெர்விக். மெஹெலன் ஊரில் முப்பத்தோரு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஃபிர்மினும் கிஸ்லேனும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஃபிர்மின் குளியலறை ஓடுகள் விற்பவன், கிஸ்லேன் பூகோள வாத்தியார். ஒவ்வொரு மார்ச் மாதமும் மூன்று நாள், மனைவிமாரை வீட்டில் விட்டுவிட்டு, ஏதாவது ஒரு நகரத்துக்குப் போய் அங்குள்ள பீர் பார்களை ஏறி இறங்கிவிட்டு வருவோம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட விட்டதில்லை. எந்த ஊர், எந்த பார், எதற்குப் பிறகு எதைக் குடிப்பது, எல்லாம் என் பட்டியல்படிதான். பட்டியலை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுவேன்.

லேசானது முதலில், கனமானது பிறகு. பாட்டிலின் அடியில் ஒரு விரல் அளவு வண்டலை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று உள்ள கோப்பை. இதெல்லாம் நான் போட்ட சட்டமில்லை, உங்கள் அப்பாவுக்கும் தெரிந்ததுதான். நான் ஞாபகப்படுத்துவதோடு சரி. சில பார்களில் கழுவுகிற லட்சணம் தெரியும் என்பதால் என் கோப்பைகளைக் கம்பளிக் காலுறைக்குள் சுற்றிப் பையில் எடுத்துப்போவேன்.

ஃபிர்மின் பாட்டிலோடு குடிப்பவன். கோப்பையில் ஊற்றினாலும் கைக்கு எது கிடைக்கிறதோ அதில் ஊற்றுவான். சத்தெல்லாம் அடியில்தான் இருக்கிறது என்று வண்டலைக் குலுக்கிக் குடிப்பான். பிஷப்பைச் சொல்வது போல எனக்கு ‘ஆயர்’ என்று பெயர் வைத்தவன் அவன்தான். நான் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், “எல்லாரும் எந்திரிங்க, ஆயர் பூசை வைக்கிறார்” என்பான். பார் முழுக்கச் சிரிக்கும். ஆண்ட்வெர்ப்பில் ஒரு பரிசாரகப் பெண்ணுக்கு, செர்ரி போட்ட பீர் எப்படி ஊறுகிறது என்று கால்மணி நேரம் பொறுமையாக விளக்கினேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய் ஃபிர்மினின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவன் அந்த செர்ரி பீரைக் காபிக் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தான்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு ஃபிர்மின் மேல் மிகவும் பிரியம். ஒன்பது வருடமாக அவனுடைய இருதய மாத்திரைகள் என் கடையிலிருந்துதான் போகின்றன. மூக்குக்கண்ணாடியை எங்காவது மறந்துவிடுவான் என்று டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். வேறு எந்த வாடிக்கையாளருக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

இந்த வருடம் கெண்ட் நகரம். சனிக்கிழமை இரண்டாவது பாரில், முழங்கை உயரத்துக்கு நெட்டையாக, அடிப்பாகம் உருண்டையாக, மரச்சட்டத்தில் மட்டுமே நிற்கிற கோப்பையில் ஒரு பீர் தருவார்கள். கோப்பை களவு போகாமலிருக்க ஈடாக உங்கள் ஒரு காலணியை வாங்கிக் கூடையில் போட்டு, கயிறு கட்டிக் கூரைக்கு ஏற்றிவிடுவார்கள். கோப்பை திரும்பி வந்தால் காலணி இறங்கும். ஃபிர்மின் குஷியாக இடது காலணியைக் கழற்றிக் கொடுத்தான். காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதற்கும் கைதட்டல் வாங்கினான்.

பாலாடைக்கட்டித் துண்டுகளும் கடுகு விழுதும் மேஜைக்கு வந்தன. அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

“டேய் ஹெர்விக், அடுத்த வருஷம் உன் லிஸ்ட்டை வீட்டுலயே வச்சுட்டு வா.”

ஏன் என்று கேட்டேன்.

“சும்மா கையை வீசிக்கிட்டு வாயேன்டா. இத்தனை வருஷம் நாங்க உன் பின்னாலயே நடந்தாச்சு. ஒரு தடவை நீ எங்க பின்னால நட.”

கிஸ்லேன் என் முகத்தைப் பார்க்காமல், ஒரு துண்டைக் கடுகில் தோய்த்துக்கொண்டே, “அவன் சொல்றதைக் கேளேன்டா” என்றான். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. அடுத்த மார்ச்சில் எனக்கு அறுபது. அறுபதில் ஆளை ஓரங்கட்டுவது எல்லா இடத்திலும் நடப்பதுதானே.

நான் கோபப்படவில்லை. கோபத்தோடு குடித்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. என் பீரை முடித்துவிட்டு நிதானமாக யோசித்தேன். பட்டியல் இல்லாவிட்டால் இவர்கள் என்ன குடிப்பார்கள், எதில் குடிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் ஒரே வாரக்கடைசியில் நாசமாகிப்போகும். கிஸ்லேனுக்குத் தனியாக இந்த யோசனையெல்லாம் வராது, அவன் சொன்னதைக் கேட்கிற ஆள். ஆக, ஃபிர்மின் ஒருவன் இல்லாவிட்டால் எங்கள் நட்பு பத்திரமாக இருக்கும் என்று பட்டது. இந்த முடிவுக்கு வர பாதிக் கோப்பைகூட ஆகவில்லை.

மூன்றரை மணிக்கு ஃபிர்மினுக்குத் தூக்கம் வந்துவிட்டது. காலணி கூரையில் தொங்குவதை மறந்து, சட்டத்தோடு அந்த நெட்டைக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டான். நான் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன் என்று பார்க்காரரிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். கிஸ்லேன் மனைவிக்குக் கடுகு விழுது வாங்கக் கடைக்குப் போனான். மழைத் தூறலில், ஒற்றைக் காலணியோடு, கையில் கோப்பையோடு, சந்தைத் திடலைக் கடந்து ஃபிர்மின் போனதைப் பார்க்காதவர்கள் இல்லை.

விடுதி அறையில் தன் கட்டிலில் உட்கார்ந்து, தூங்கும் முன் ஒன்று வேண்டும் என்றான். என் நிலவறையில் எட்டு வருடம் கிடந்த, துறவிகள் காய்ச்சிய கறுப்பு மடாலய பீர் ஒன்று நான் கொண்டுவந்திருந்தேன், கடைசி நாளுக்காக. மாத்திரைகள் அவன் பையிலேயே இருந்தன. அவன் குளியலறைக்குப் போயிருந்தபோது தேவையானதை எடுத்துப் பொடித்து வைத்துக்கொண்டேன். எத்தனை என்பதை இங்கே எழுதவில்லை. அது தொழில் தர்மமாகாது.

திரும்பி வந்தவன் நெட்டைக் கோப்பையை நீட்டினான்.

“இதுலயே ஊத்துடா. எல்லாம் ஒரே வயித்துக்குத்தான போகுது.”

மேடம், அந்த நிமிடத்தில் நான் தப்பித்திருக்கலாம். அந்தக் கோப்பை அவன் கையில் இருந்ததற்குப் பாதி ஊர் சாட்சி. அதில் ஊற்றியிருந்தால், குடிபோதையில் மாத்திரைக் கணக்குத் தப்பிவிட்டது, பாவம் மனுஷன், என்று எழுதி மூடியிருப்பார்கள். இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் கறுப்பு மடாலய பீரை அந்த ஒடுக்கமான வாயில் ஊற்றினால் வாசனை மேலே வராது. எட்டு வருடம் காத்திருந்த பீர் அது. “ஒரு நிமிஷம் இருடா” என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போய், அகன்ற வாய்க் கோப்பையைக் காலுறையிலிருந்து எடுத்து, அலசிக் கொண்டுவந்தேன். சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். இரண்டு விரல் நுரை. கோப்பையில் அச்சிட்ட பீர் பெயர் குடிப்பவனைப் பார்த்திருக்கும்படி, கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையின் மேல் வைத்தேன். பாட்டிலில் ஒரு விரல் விட்டேன்.

அவன் குடித்தான். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நிதானமாகக் குடித்தான்.

“அடேயப்பா. இந்த கிளாஸ்ல குடிச்சா வேற மாதிரிதான்டா இருக்கு ஹெர்விக். நீ சொன்னப்பல்லாம் நான்தான் கேக்கல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை சந்தோஷமாக நான் இருந்து வெகுநாள் ஆகிறது. கடைசியில் கொஞ்சம் கசக்கிறது என்றான். பழைய பீர் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். கால்வாசியை மிச்சம் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

பிறகு நெட்டைக் கோப்பையை பாரில் திருப்பிக் கொடுத்து, கூடையை இறக்கச் சொல்லி, அவன் காலணியை வாங்கி வந்தேன். மற்றதன் பக்கத்தில் ஜோடியாக வைத்தேன். அப்போது மூச்சு இருந்தது, கொஞ்சம் இழுத்து இழுத்து வந்தது. ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். மூன்றாவது பாருக்கு ஆறு மணி என்று பட்டியலில் இருந்தது. அதுவரை அவனைத் தூங்க விடுவதுதான் வழக்கம்.

ஆறு மணிக்கு கிஸ்லேன்தான் கதவைத் தட்டினான். ஏழு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். மாத்திரை டப்பாவை நீங்கள் சரியாகப் பார்க்கவேயில்லை. கோப்பையைப் பார்த்தீர்கள். அட்டையைப் பார்த்தீர்கள். பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கி அடியில் இருந்த வண்டலைப் பார்த்தீர்கள். நான் ஆயிரம் தடவை செய்தது போலவே செய்தீர்கள். இதை யார் ஊற்றியது என்று கிஸ்லேனிடம் கேட்டீர்கள்.

“ஃபிர்மின் இப்படி ஊத்தமாட்டான், மேடம்” என்றான் கிஸ்லேன். அழுதுகொண்டிருந்தான். “இவ்வளவு சுத்தமா ஊத்தறதுக்கு ஹெர்விக்கை விட்டா ஆள் கிடையாது.”

என் ஊற்றலைப் பற்றி அவன் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான்.

இன்று காலை ஃபிர்மினின் பையில் கிடைத்தது என்று ஒரு மடித்த தாளை என் முன்னால் வைத்தீர்கள். அவன் கோணல் எழுத்து. மேலே ‘ஆயருக்கு அறுபது’ என்று எழுதிக் கோடு போட்டிருந்தான். அடுத்த மார்ச், மூன்று நாள், புரூஹ நகரம், பதினோரு பார்கள். ஒவ்வொரு பீருக்கும் பக்கத்தில் அதன் கோப்பையைச் சின்னப்பிள்ளை வரைந்தது போல வரைந்து வைத்திருந்தான். குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் ஒவ்வொரு பாராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, எதற்கு எந்தக் கோப்பை என்று கேட்டு எழுதினார்கள் என்று கிஸ்லேன் சொன்னதாகச் சொன்னீர்கள். பிறகு காபி எடுத்துவருவதாகச் சொல்லி என்னைத் தனியாக விட்டுப் போனீர்கள். நான் அழட்டும் என்று நினைத்திருப்பீர்கள்.

இரண்டு தடவை படித்தேன். எழுத்து மங்கியது உண்மைதான், அதை மறைக்கவில்லை. அப்புறம் உங்கள் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்தேன். இரண்டாம் நாளில் கனமான கறுப்பு பீருக்குப் பிறகு லேசான புளிப்பு பீரைப் போட்டிருந்தான். இரண்டு இடத்தில் கோப்பைகளை மாற்றி வரைந்திருந்தான். எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். திருத்திய பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவர்கள் பொறுப்பில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதைப் பார்க்கிற யாருக்கும் புரியும்.